கோலி வைத்த ஒரு அடி

கால்பந்து உலகக் கோப்பை வருகிற வருஷங்களில் எங்கள் நல்லேப்பிள்ளியில் நெல்வயல் வரப்பில்கூட ஆட்டக்காரர்களின் கட்அவுட் முளைத்துவிடும். பனைமரத்துக்குப் போட்டியாக நிற்பார்கள். எல்லோரும் கோல் அடிக்கிறவர்கள்தான். கோலைக் காக்கிறவனுக்கு இந்த ஊரில் யாரும் கட்அவுட் வைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தாலும் அந்த வரப்பு வழியே நடக்கும்போது மனசு நான் வளர்ந்த பீர்மேட்டு மலைக்குப் போய்விடுகிறது. மூட்டு வலியையும் சர்க்கரையையும் பேசிப் பேசி அலுத்துப்போன என் வயசுக்காரர்களே, இன்றைக்கு ஒரு கோல் கீப்பரைப் பற்றிச் சொல்கிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு பேர். ஒருவர் தென்னமெரிக்காக்காரர். இன்னொருவர் என் தாய்மாமா.

அப்போது நாங்கள் பீர்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், மேல் லயத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாகக் குடும்பங்கள். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. மாமாவுக்கு பாக்டரியில் கொழுந்து உருட்டுகிற மெஷினில் வேலை. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் கசங்கிய பச்சை இலையின் வாடையும் கூடவே நுழையும். எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது.

லயத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோல் கீப்பரை மலையாளத்தில் கோலி என்பார்கள். எஸ்டேட் டீமின் கோல் கீப்பர் என்பதால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் கோலிதான். அம்மாவுக்கு மட்டும் தம்பி.

அவருக்குக் கையுறை கிடையாது. அம்மா பின்னிக் கொடுத்த கருநீல ஸ்வெட்டர் ஒன்று உண்டு. முழங்கையில் கிழிந்த இடத்தை அம்மா பச்சை நூலால் அடைத்திருந்தாள். பந்து தோல் பந்து. அதன் வாயைச் செருப்புக்குப் போடுவது போன்ற வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் ஊறிவிட்டால் பூசணிக்காய் கனம் கனக்கும். தலையால் முட்டியவன் நெற்றியில் அந்த வாரின் தடம் சாயங்காலம் வரை இருக்கும். கோல் கம்பங்கள் யூகலிப்டஸ் மரம். பின்னால் வலை கிடையாது. பந்து தாண்டிப் போனால் நேராகத் தேயிலைக்குள்தான். அதை எடுத்து வர நாங்கள், லயத்துப் பெண் பிள்ளைகள், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். நல்ல பக்கம் ஆண்களுக்கு. மேனேஜர் துரைக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் அந்தப் பக்கத்தில் நாற்காலி. எங்கள் பக்கம் அட்டை. கால் விரலிடுக்கில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே ஆட்டம் பார்ப்போம்.

நான் சொல்ல வந்த ஆட்டம் நடந்த வருஷம்தான் கம்பவுண்டர் கதை படிக்கத் தொடங்கினார். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கோட்டயம் பக்கத்து மலையாளி. பந்து என்றால் உயிர். அவருக்கு பஸ்ஸில் வாராவாரம் ஒரு மலையாளப் பத்திரிகை வரும். அதில் தென்னமெரிக்காவின் பெரிய கோல் கீப்பர் ஒருவரின் வாழ்க்கையைத் தொடராகப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மருந்து கொடுத்து முடித்ததும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மலையாளத்தைக் கண்ணால் படித்துத் தமிழில் வாயால் சொல்வார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

அந்த கோல் கீப்பர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகன். முதலில் முன்வரிசையில் ஆடியவர். கோலில் நிற்க யாரும் முன்வராததால் அங்கே போய் நின்றவர். பந்து பட்டுப் பட்டு விரல்களெல்லாம் கோணிப்போனவர். கப்பல் ஏறிப் போய் வேற்று நாட்டில் ஜெயித்து வந்தபோது ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அயாள் எந்தா செய்து? கை ரெண்டும் விரிச்சு ஒரு சாட்டம்! பந்து இதோ, நெஞ்சில!” என்று கம்பவுண்டர் நாற்காலியிலிருந்தே பாய்ந்து காட்டுவார். மாத்திரை டப்பா உருண்டு கீழே விழும்.

“அந்த ஊர்ல என்ன வெளையும்?” என்று பெண்கள் கேட்டார்கள்.

“காப்பி. காப்பி எஸ்டேட் நெறைய உண்டு.”

“அப்ப அங்கயும் லயம் இருக்கும்” என்றாள் அம்மா, பக்கத்து ஊரைச் சொல்வது போல.

எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்ப்பார்கள். அவர் வராந்தாத் தூணில் சாய்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய சுண்டுவிரலும் கோணல்தான்.

அதே சமயத்தில் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பின்னால் எனக்கு அத்தை ஆனவள் என்பதால் அத்தை என்றே சொல்கிறேன். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, தை மாதம் கல்யாணம். அத்தைக்கு ஒரு அண்ணன். அக்கரை எஸ்டேட் டீமில் வலது ஓரத்தில் ஓடுகிறவர். குள்ளமான ஆள். ஓட ஆரம்பித்தால் கால் தெரியாது.

ஓணம் கழிந்து நடந்த எஸ்டேட்டுகளுக்கிடையிலான பந்தயத்தில் கடைசி ஆட்டத்துக்கு வந்தது எங்கள் எஸ்டேட்டும் அக்கரை எஸ்டேட்டும்தான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். ஆட்டம் பாதி போவதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து மைதானத்தின் அந்தப் பக்கத்தை விழுங்கிவிட்டது. நாற்காலிகள் இருந்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவர்களுக்கு எங்கள் கோல் எப்படித் தெரிந்திருக்கும்? வெள்ளையாக ஒரு கம்பமும் கருநீலமாக ஒரு நிழலும் தெரிந்திருந்தால் அதிகம். மாமா அன்று பிடித்த பந்துகளை நான் எண்ணவில்லை. நனைந்த பந்து அவர் நெஞ்சில் மோதும்போது ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல ஒரு சத்தம் வரும். அது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அத்தையின் அண்ணன் ஓரத்தில் பந்தோடு பனிக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவர்கள் ஆள் ஒருவன் நடுவில் கோலை நோக்கித் தனியாக ஓடி வந்துகொண்டிருந்தான். அண்ணன் தலையைத் தூக்கி நடுவில் பார்த்தார். பந்து நடுவுக்குத்தான் வரப்போகிறது என்று எனக்கே தோன்றியது. மாமா கம்பத்தை விட்டு ஒரு அடி நடுப்பக்கமாக வைத்தார். ஒரே ஒரு அடி. அண்ணன் நடுவுக்குப் போடவில்லை. மாமாவுக்கும் கம்பத்துக்கும் நடுவே திறந்த அந்த இடைவெளியில் அடித்தார். மாமா பக்கவாட்டில் விழுந்தார். விரல் நுனியில் சேறு தெறித்தது. பந்து என் மடிக்கு உருண்டு வந்தது. கனமாக, குளிர்ந்து, பிடித்த மீன் போல வழுக்கிக்கொண்டு. அதை அவரிடம் நீட்டினேன். அவர் எழுந்து, ஸ்வெட்டரில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கோப்பை ஆற்றைத் தாண்டிப் போனது.

மறுநாள் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை.

“மச்சானுக்கு முன்கூட்டியே சீர் குடுத்துட்டாருப்பா நம்ம கோலி.”

சிரிப்பு எழுந்தது. பிறகு அதுவே பேச்சானது. கம்பத்தை விட்டு விலகி வழி விட்டதை நாற்காலிப் பக்கத்திலிருந்தே பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தப் பனியில்! அந்த வாரமே மாமாவை மெஷினிலிருந்து எடுத்து விறகு பிளக்கப் போட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் அம்மா குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

அம்மாவும் நம்பினாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

“ஏண்டா தம்பி, வாயத் தொறந்து சொல்லு. அவளுக்காகத்தான விட்ட?”

“இல்லக்கா.”

“பெறகு எதுக்கு நகந்த?”

“நகரணும்க்கா. நடுவுல ஆள் வந்தான்.”

“நடுவுல வந்தவனா கோல் அடிச்சான்? ஒம் மச்சான்ல அடிச்சான்.”

“நான் பாத்தேன்மா” என்றேன். “மாமா விழுந்து தடுக்கப் பாத்தாங்க.”

“நீ சும்மா கெட. சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்.”

மாமா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா அக்கரைக்கு ஆள் விட்டு, கல்யாணத்தை இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அம்மாவின் அந்த வயதையெல்லாம் தாண்டி வந்துவிட்ட பிறகு எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவளுக்குக் கோப்பையைப் பற்றிக் கவலையே இல்லை. தம்பி கல்யாணம் ஆனதும் பெண்டாட்டியோடு அக்கரைக்குப் போய்விடுவானோ, பிள்ளையோடு தான் தனியாக நிற்க வேண்டி வருமோ என்ற பயம் அவளுக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. பந்து அந்தப் பயத்துக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. அன்றைக்கு அது எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அடுத்த ஞாயிறு கம்பவுண்டர் வராந்தாவில் பத்திரிகையைப் பிரித்தார். கொஞ்ச தூரம் கண்ணை ஓட்டினார். முகம் மாறியது. மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இந்த வாரம் கதை இல்லா. அடுத்த வாரம் நோக்காம்.”

மாமா வழக்கமான தூணில் இருந்தார். அன்று அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் நடந்து வந்து கையை நீட்டினார்.

“குடுங்க சார். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்.”

“வேண்டா கோலி. பிறகு வாசிக்காம்.”

“குடுங்க சார்.”

கம்பவுண்டர் கொடுத்தார். மாமா படியில் உட்கார்ந்து, மழலை போல எழுத்துக் கூட்டி, எங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அந்த வாரக் கதை இதுதான். பெரிய இறுதி ஆட்டம். சொந்த நாட்டில், சொந்த ஜனங்கள் முன்னால். ஓரத்தில் ஒருவன் பந்தோடு வருகிறான். கோல் கீப்பர் பந்து நடுவுக்கு வரும் என்று எண்ணி ஒரு அடி வைக்கிறார். பந்து கம்பத்துப் பக்கமாக உள்ளே போகிறது. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அன்றிலிருந்து அந்த நாட்டு ஜனங்கள் அவர் பிடித்த பந்தையெல்லாம் மறந்துவிட்டார்கள். கடைக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் அந்த ஒரு கோலைத்தான் கேட்டார்கள். வயதாகி முடி நரைத்த பிறகும் கேட்டார்கள்.

மாமா படித்து முடித்துப் பத்திரிகையைக் கம்பவுண்டரிடம் கொடுத்தார்.

“அவருக்கும் மச்சானா அடிச்சான்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை.

மாமா படித்த இந்தக் கதை ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போயிற்று. அங்கே நிலைமை வேறு மாதிரி இருந்தது என்று அத்தை பிற்பாடு சொன்னாள். அவள் அண்ணனை அங்கே கேலி செய்துகொண்டிருந்தார்கள். தங்கச்சியைக் கொடுத்துக் கோப்பை வாங்கிய ஆள் என்று. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பிடித்துக்கொண்டாளாம்.

“ஒன்னைய ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு சொல்றாய்ங்க. அவரக் களவாணிங்கறாய்ங்க. என்னைய வெலைக்கு வித்ததுங்கறாய்ங்க. நீ இப்பிடியே நின்னுக்கிட்டு இரு.”

அதற்கு அடுத்த ஞாயிறு அந்த அண்ணன் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார். வெயில் அடித்த நாள். மலையெல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தது. மைதானத்தில் எங்கள் ஆட்கள் சும்மா பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நேராக நடுவில் போய் நின்றார். தூரத்தில், தேயிலை ஓரத்தில், அத்தை நின்றாள். கல்யாணம் ஆகாத பெண் அப்படி வந்து நின்றதைப் பெண்கள் அதன் பிறகு எத்தனையோ நாள் பேசினார்கள்.

“நான் அடிச்ச கோல அவர் குடுத்ததுன்னு சொல்றீங்களாமே” என்றார் அண்ணன். “அவர் குடுத்தார்னா நான் எதுக்கு ஓடுனேன்? எங் காலுக்கு மதிப்பு இல்லயா? எல்லாரும் வாங்க. பனி இல்ல இன்னைக்கு. நல்லாப் பாருங்க. திரும்ப அடிக்கேன்.”

ஆள் ஓடிப்போய் லயத்தில் சொல்ல, எல்லோரும் வந்துவிட்டார்கள். கம்பவுண்டர் மருந்து கலக்கிய கையோடு வந்தார். அம்மா கடைசியாக வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். மாமா விறகுக் கொட்டகையிலிருந்து வந்தார். ஸ்வெட்டர் இல்லை, வெறும் பனியன். உள்ளங்கையெல்லாம் சிராய்.

கோலில் போய் நின்றதும் அவர் ஒன்று கேட்டார்.

“நடுவுல ஒரு ஆள் ஓடி வரணும். அன்னைக்கு வந்தான்ல.”

“அதெல்லாம் எதுக்கு? கம்பத்த ஒட்டி நில்லு, புடி, முடிஞ்சுது” என்றார் எங்கள் டீம் கேப்டன்.

“நடுவுல ஆள் இல்லாம அது ஆட்டம் இல்லயே.”

கடைசியில் கேப்டனே நடுவில் ஓடி வர ஒப்புக்கொண்டார். நான் என் பழைய இடத்தில், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கம்பத்தை விட்டு நகராதீங்க மாமா, நகராதீங்க என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஓடி வந்தார். நடுவில் கேப்டன் ஓடி வந்தார். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். மாமா ஒரு அடி நடுவுக்கு வைத்தார். பந்து அவருக்கும் கம்பத்துக்கும் இடையில், அன்றைக்குப் போன அதே வழியில் போய் என்னைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நான் தேயிலைக்குள் புகுந்து பந்தைத் தேடி எடுத்து வரும்வரை அப்படியே நின்றார்கள்.

“இன்னொண்ணு” என்றார் அண்ணன்.

மறுபடி ஓடி வந்தார். மறுபடி தலையைத் தூக்கினார். மாமா மறுபடி அதே அடியை வைத்தார். இந்தத் தடவை பந்து நடுவுக்கு வந்தது. கேப்டன் குதித்தார். அவர் தலைக்கு மேலே மாமாவின் இரண்டு கைகளும் போய், மரத்திலிருந்து பலாக்காயை இறக்குவது போலப் பந்தை இறக்கின. அந்த அடி இல்லாவிட்டால் அங்கே கை போயிருக்காது. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரிந்தது.

கம்பவுண்டர்தான் முதலில் பேசினார். “ஒரு மனுஷன் ஒரே சமயம் ரெண்டெடத்தில நிக்க முடியுமோ? பறயு. பற்றுமோ?”

அண்ணன் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “பாத்துக்கிட்டீங்களா? அது நான் அடிச்சது. இது அவர் புடிச்சது.”

அம்மா அந்த ஓரத்திலிருந்து நடந்து வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனிடம் போனாள். எல்லோரும் சண்டை வரும் என்று பார்த்தார்கள்.

“வெயில்ல ஓடியிருக்கீக. சாப்புட்டுத்தான் போகணும்” என்றாள். பிறகு தேயிலை ஓரத்தைக் கையால் காட்டி, “அவளையும் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தட்டு போதவில்லை. மாமாவும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தை அடுப்படியில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் அதே பச்சை வாடை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் விழுந்த அந்த கோலையும் வேண்டுமென்றே விட்டான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மாமாவை விறகுக் கொட்டகையிலிருந்து மெஷினுக்கு மாற்ற அந்தத் துரை மாறிப் போக வேண்டியிருந்தது. ஆனால் தையில் கல்யாணம் நடந்தது. அத்தைதான் எங்கள் லயத்துக்கு வந்தாள், மாமா அக்கரைக்குப் போகவில்லை. முழங்கால் ஒத்துழைத்த வரை இன்னும் சில வருஷம் கோலில் நின்றார். கோப்பை ஒரு தடவை எங்களுக்கும் வந்தது. அந்தத் தோல் பந்தும் கருநீல ஸ்வெட்டரும் எங்கே போயின என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மைதானத்தில் இப்போது சுற்றுலாக்காரர்களின் ஜீப்புகள் நிற்கின்றன.

போன மாதம் என் போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு வந்தது. புள்ளி புள்ளியாக, நடுங்கிக்கொண்டு. ஓரத்தில் ஒருவன் ஓடி வருகிறான், கோல் கீப்பர் ஒரு அடி வைக்கிறார், பந்து உள்ளே. கம்பவுண்டர் மடித்து வைத்த கதையின் ஆள்தானா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அடி எனக்குத் தெரிந்த அடி. மாமாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவர் ஏலப்பாறை போகிற வழியில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்.

“பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன் பாப்பா. நாலஞ்சு தடவ பாத்தேன்.”

“சரியாத்தான வச்சார், அந்த அடிய?”

“சரியாத்தான் வச்சிருக்கார். நானும் அங்கதான் வச்சிருப்பேன்.” கொஞ்ச நேரம் இருமினார். பின்னால் அத்தை வெந்நீர் குடிக்கச் சொல்லிச் சத்தம் போடுவது கேட்டது. குடித்துவிட்டு வந்து சொன்னார்:

“எனக்கு ஒங்கத்தையோட அண்ணன் ஆத்தத் தாண்டி வந்தான், திரும்ப அடிச்சுக் காட்ட. அந்த மனுசனுக்குத்தான் யாருமே வரல பாப்பா.”